புரிஞ்சுதுங்க டீச்சர்

பிப்ரவரி 2, திங்கள்

மாவு மில்லுக்குக் கல் கொடுக்கிற கம்பெனிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்க வெள்ளையாகவே கிடந்தது. எழுதுகிற மாதிரி எனக்கு என்ன நடக்கிறது? கம்பு வருகிறது, அரைக்கிறேன், மாவு போகிறது. ஆனால் நாளைக்கு எங்கள் வீட்டில் ஒரு பெரிய சமாச்சாரம். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

“மாவுக் கையோட எழுதி, அதையும் வெள்ளையாப் பூசி வெக்காதீங்க” என்றாள் சிவகாமி. என் மனைவி. எட்டாவது வரை படித்தவள். நான் பத்தாவது. பத்தாவதை மூன்று முறை படித்தவன் என்பதால் மொத்தத்தில் நான்தான் அதிகம் படித்தவன்.

எங்கள் மகள் கோகிலவாணி கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, போன ஜூனில் இந்த ஊர் அரசு நிதியுதவிப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். மில்லுக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். சிலரிடம் இரண்டு தடவை.

கோயமுத்தூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு நாளைக்கு அவள் வகுப்புக்கு வருகிறது. ஆசிரியர்கள் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள், அதை எப்படி மேலே கொண்டுபோவது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறார்களாம். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. அதில் ஒரே ஒரு கணக்கு. சீட்டைத் திருத்துவதற்கு முன்னால் டீச்சரிடம் ஒரே கேள்வி: “எத்தனை பேர் சரியாப் போட்டிருப்பாங்க?” அவ்வளவுதான். டீச்சருக்கு மார்க் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் எதையும் சொல்ல மாட்டார்களாம்.

“மார்க்கும் இல்லை, புகாரும் இல்லைன்னா அப்புறம் எதுக்கு அத்தனை தூரம் பஸ் ஏறி வர்றாங்க?” என்று கேட்டேன்.

“அதுக்குப் பேருதாம்ப்பா ஆராய்ச்சி” என்றாள்.

சாயங்காலம் ஒத்திகை. நானும் சிவகாமியும்தான் ஆறாம் வகுப்பு. பின்னத்தை வகுப்பது எப்படி என்று நடத்தினாள். கீழே இருப்பதை மேலே கொண்டுபோய், மேலே இருப்பதைக் கீழே போட்டு, பெருக்க வேண்டும். “புரிஞ்சுதா?” என்றாள். “புரிஞ்சுதுங்க டீச்சர்” என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சிவகாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. அப்பாடா.

பள்ளிக்கூடத்துப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது. (வேலை இல்லை.) இரண்டு தடவை அந்த வழியாகப் போனேன். சத்தம் தெருமுனை வரை கேட்டது.

“இந்தப் பின்னத்தைத் தலை…?” என்று கோகிலா பாதியில் விடுகிறாள்.

“கீழா!” என்று அத்தனை பிள்ளைகளும் முடிக்கிறார்கள்.

“திருப்பி…?”

“பெருக்கணும்!”

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க டீச்சர்ர்ர்!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் படித்தபோதும் இப்படித்தான். வாத்தியார் பாதி வார்த்தையை விடுவார், நாங்கள் மீதியைப் பிடிப்போம். அந்த மீதியை நான் எப்போதும் சரியாகவே பிடித்திருக்கிறேன். பரீட்சையில்தான் முழு வார்த்தையையும் நம்மையே எழுதச் சொல்லிவிடுகிறார்கள்.

சாயங்காலம் கோகிலா சாப்பிடவில்லை. வெயில் அதிகம்.

பிப்ரவரி 4, புதன்

வெயில் இல்லை.

காலையில் சிவகாமிதான் விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். “எத்தனை பேர் சரியாப் போட்டிருப்பாங்க?” என்று ஆராய்ச்சிக்கு வந்த மெர்லின் என்கிற பெண் கேட்டதற்கு, கோகிலா முப்பத்தைந்து என்று சொல்லியிருக்கிறாள். சீட்டைத் திருத்தினால் ஒன்பது.

“அத்தனை பேரும் புரிஞ்சுதுன்னாங்கம்மா. முன்வரிசையில ஒரு புள்ள எந்திரிச்சு நின்னே சொன்னா. அவளுக்கும் தப்பு.”

“அந்த ஆராய்ச்சிக்காரி திட்டுனாளா?” என்றேன்.

“திட்டியிருந்தா பரவாயில்லையே. சிரிச்ச முகமா எழுதிக்கிட்டாங்க.”

“விடு கண்ணு, ஒன்பது பேருக்குப் புரிஞ்சுதல்ல” என்று மட்டும் சொன்னேன். சிவகாமி பார்த்த பார்வையில், அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து கோகிலாவுக்குப் போன். பி.எட். முடித்த கையோடு எங்கெங்கோ விண்ணப்பம் போட்டாளே, அதில் ஒன்று. கணக்குப் பிரிவில் இடம் இருக்கிறதாம். மார்ச் 2-ஆம் தேதி வந்து சேரச் சொல்கிறார்கள்.

“அங்க நம்பர் மட்டுந்தாம்ப்பா. நம்பர் புரிஞ்சுதுன்னு பொய் சொல்லாது” என்றாள்.

மெர்லின் மறுபடி 27-ஆம் தேதி வருவாராம். “அன்னைக்கும் இதே கதைன்னா நான் கம்பெனிக்குப் போயிடறேன். தெரியாத்தனமா முப்பத்தெட்டுப் புள்ளைங்களைக் கெடுத்துட்டு இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.”

நல்ல கம்பெனிதான். பஸ் வசதி உண்டு. நான் என்ன சொல்ல? அவளுக்கு எது சந்தோஷமோ அதுதான் எனக்கும். இன்றைக்கு மில்லில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒத்திகை மறுபடி ஆரம்பம். மூன்றை அரையால் வகுத்தால் ஆறு. வகுத்தால் குறையத்தானே வேண்டும், இது எப்படி ஏறுகிறது என்று உள்ளே ஒரு சின்ன உறுத்தல். கேட்கலாம். கேட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்வாள். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள். “புரிஞ்சுது அம்மிணி, பளிச்சுன்னு இருக்குது” என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

இன்றும் நன்றாகப் புரிந்தது. “உங்களை மாதிரி நாலு பேர் வகுப்புல இருந்தாப் போதும்ப்பா” என்றாள். ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு பேர். என் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

பாடம் முடிந்ததும் கோகிலா இரண்டு துண்டுச் சீட்டுகளை எடுத்தாள். ஒன்று எனக்கு, ஒன்று சிவகாமிக்கு. நான்கை அரையால் வகுக்கவும். சிவகாமி பேனாவை வாங்கி, கொட்டை எழுத்தில் ‘தெரியாது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கொஞ்சம் யோசித்தேன். நான்கில் பாதி இரண்டு. இரண்டு என்று எழுதி, அழகாக அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன்.

கோகிலா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா. இது எட்டு.”

“ஓ.”

“அஞ்சு நாளா இதைத்தானே நடத்தறேன்?”

“ஆமாங்கண்ணு.”

“தெனமும் புரிஞ்சுதுன்னீங்களே?”

அடுப்படியிலிருந்து சிவகாமி. “உங்கொப்பனுக்கு எப்ப என்ன புரிஞ்சிருக்குது? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கண்ணன் என்னென்னமோ கேட்டாரு. எல்லாத்துக்கும் இதே தலையாட்டுத்தான். கேட்டது என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

“நீ சும்மா இரு” என்றேன். ஆனால் அது உண்மை.

“ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?” கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

“நீ நெம்ப ஆசையாச் சொன்னியா அம்மிணி… முகத்தைப் பார்த்தா எப்படி இல்லைன்னு சொல்றது? பாவம், இத்தனை பாடுபடறாளேன்னு…”

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, என்னிடம் சொல்வது போலவும் இல்லை, “அப்போ அந்தப் புள்ளைங்களும் எம்மேல பாசத்துலதான் சொல்லுதுங்களா?” என்றாள்.

“பின்ன? உன்னைப் புடிக்காத வகுப்பா இருந்தா மூஞ்சிக்கு நேரா ‘ஒண்ணும் வெளங்கலை’ன்னு சொல்லிட்டுப் போயிருக்குங்க” என்றாள் சிவகாமி.

கோகிலா அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். பத்து நாளாக இந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. பரீட்சையில் தோற்றுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கப்போவது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 14, சனி

கேழ்வரகு ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பைக் கொட்டிவிட்டேன். ஞாபகம் எங்கேயோ. கம்பு கொண்டுவந்த பாவாயி அக்கா வாளியைப் பார்த்துவிட்டு, “விடு நாச்சிமுத்து, சத்து எச்சாத்தான் இருக்கும்” என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 16, திங்கள்

கோகிலா மெர்லினுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறாள். என் சீட்டைப் பற்றியும் சொன்னாளாம். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்ததாம். ஆராய்ச்சிக்கு நம்மால் ஆனது.

“நீங்க மட்டுமில்லைங்க கோகிலா. போற பள்ளிக்கூடத்துலெல்லாம் டீச்சருங்க எண்ணிக்கையைக் கூடுதலாவே சொல்றாங்க, சீட்டுல கம்மியா வருது. அந்த இடைவெளியைக் குறைக்க முடியுமான்னுதான் எங்க ஆராய்ச்சியே” என்றாராம். இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் டீச்சர்கள் உஷாராகி வேண்டுமென்றே குறைத்துச் சொல்லிவிடுவார்களாம். அதுவும் சரிதான். நானாக இருந்தால் பூஜ்யம் என்றே சொல்லியிருப்பேன்.

இன்று முதல் கோகிலா வகுப்பில் இரண்டு பழக்கத்தை நிறுத்திவிட்டாள். பாதி வார்த்தையை விடுவதில்லை. ‘புரிஞ்சுதா’ என்று கேட்பதில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கிறாளாம். வகுப்பு கப்சிப். டீச்சருக்கு என்னவோ கோபம் என்று பிள்ளைகள் பயந்துபோய்விட்டன. மத்தியானம் ஒரு பெண் இரண்டு கொய்யாக்காயைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு, “எங்க மேல கோவிச்சுக்காதீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனதாம்.

ஒரு காய் எனக்குக் கிடைத்தது. நல்ல காய்.

பிப்ரவரி 18, புதன்

எனக்கு இப்போது எல்லாமே புரியவில்லை. தலையாட்டத் தேவையில்லை என்றானதும் எத்தனை சுகம்! எதைச் சொன்னாலும் “புரியலை அம்மிணி” என்கிறேன். “இது அஞ்சு” என்றால்கூடப் புரியவில்லை என்றேன். சிவகாமி கரண்டியோடு வந்துவிட்டாள். “முன்னாடி பொய், இப்ப அழிச்சாட்டியமா?”

ஆனால் ஒன்று நிஜமாகவே புரியவில்லை. அரையை முக்காலால் வகுக்கவும்.

மூன்றுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்டால், ஆறு அரை. அது இப்போது எனக்கே வந்துவிட்டது. “ஆனா அரை டம்ளருக்குள்ள முக்கால் டம்ளர் எப்படி அம்மிணி போகும்? ஒண்ணுகூடப் போகாதே?”

“திருப்பிப் போட்டுப் பெருக்குனா மூணுல ரெண்டுன்னு வரும்ப்பா.”

“வரும். ஏன் வருது?”

கோகிலா பேனாவைக் கீழே வைத்தாள்.

“எனக்கே தெரியலைப்பா. எனக்கும் திருப்பிப் போடத்தான் சொல்லிக்குடுத்தாங்க. நான் கேட்டதே இல்லை.”

எதற்கு இந்த வாய்? ஒழுங்காகத் தலையாட்டிக்கொண்டு கிடந்திருக்கலாம். பட்டம் வாங்கிய பெண்ணின் வாயாலேயே தெரியவில்லை என்று சொல்ல வைத்துவிட்டேனே. திருப்பூர் பஸ்ஸில் நானே ஏற்றிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் எழுந்து வந்தால், கூடம் முழுக்கக் காகிதத் துண்டு. என் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நீள நீளமாக வெட்டிப் போட்டிருக்கிறாள். கல்யாணம் இன்னும் நடக்கவே இல்லை.

“உக்காருங்கப்பா. இந்தத் துண்டு ஒண்ணு. இதை நாலா மடிங்க.”

மடித்தேன். நான்கு கால் வந்தது.

“ஒரு காலைக் கிழிச்சுடுங்க. மீதி?”

“முக்கால்.”

“முக்கால்ல எத்தனை கட்டம்?”

“மூணு.”

“சரி, அரைன்னா எத்தனை கட்டம்?”

“ரெண்டு.”

அவள் நிறுத்திவிட்டாள். பேசவில்லை. உதவி செய்யவில்லை. பாதி வார்த்தைகூடக் கொடுக்கவில்லை. நான் காகிதத்தைப் பார்த்தேன். பால்காரர் வந்து மணியடித்தார், யாரும் போகவில்லை. மூன்று கட்டம் இருக்கிற இடத்தில் இரண்டு கட்டம். முழு முக்கால் அதற்குள் போகாது. ஆனால் முக்காலில் ஒரு பங்கு போகும். எத்தனை பங்கு? மூன்றில்…

“மூணுல ரெண்டு!” என்று கத்திவிட்டேன். “அம்மிணி, மூணுல ரெண்டு! முழுசாப் போகாது, ஆனா மூணுல ரெண்டு பங்கு போகும்!”

கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். சிவகாமி பால் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்து, “மூணு துண்டுல ரெண்டு. எனக்கு மடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. இதுக்கா இத்தனை ஆட்டம்?” என்றாள்.

பத்தாவது முடித்து முப்பத்தைந்து வருஷம் கழித்து எனக்கு ஒரு கணக்கு நிஜமாகவே புரிந்திருக்கிறது. மில்லுக்குப் போய் எல்லாரிடமும் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பரவாயில்லை. ஒருவர்கூடத் தலையாட்டவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

கம்பெனியிலிருந்து மறுபடி போன். வருகிறீர்களா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். “தெரியலைப்பா. முன்ன மாதிரி கலகலன்னு இல்லை. ஒண்ணு ரெண்டு புள்ளைங்கதான் வாயைத் திறக்குதுங்க. சில நாள் நானே எல்லாத்தையும் பாழாக்கிட்டனோன்னு இருக்குது.”

போய்விடுவாளோ என்னவோ. போனாலும் நல்லதுதான். திருப்பூர் ஒன்றும் தூரமில்லை. சிவகாமியிடம் இதையே சொன்னேன். “அப்புறம் எதுக்கு சாமி படத்துக்கு முன்னால அத்தனை நேரம் நின்னீங்க?” என்றாள். கற்பூரம் தேடினேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 26, வியாழன்

நாளைக்கு. இன்று ஒத்திகை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

பள்ளிக்கூடப் பக்கம் போகவே இல்லை. சத்தியம். மில்லில் உட்கார்ந்து ஒரே சல்லடையை நாலு தடவை தட்டினேன்.

ஐந்து மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சிவகாமி தண்ணீர் கொடுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

மெர்லின் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கோகிலா அரையை முக்காலால் வகுக்கிற கணக்கைப் போர்டில் எழுதியிருக்கிறாள். வகுப்பில் சத்தமே இல்லை. அப்போது அந்தக் கொய்யாக்காய்ப் பெண், பேர் தன்யஸ்ரீ, கையைத் தூக்கியிருக்கிறாள்.

“டீச்சர், எனக்குப் புரியலீங்க. அரையை விட முக்கால் பெருசுதானுங்க? அது எப்படிங்க உள்ள போகும்?”

என் கேள்வி! என்னுடைய அதே கேள்வி! நான் துள்ளிவிட்டேன். சிவகாமி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லலைப்பா. அவ கேட்டு முடிக்கறதுக்குள்ள இன்னொரு கை. அப்புறம் இன்னொண்ணு. பாதி வகுப்பு கையைத் தூக்கிடுச்சு. ‘எனக்கும் டீச்சர், எனக்கும் டீச்சர்’னு. வெளியாளு உக்காந்திருக்காங்கன்னுகூடப் பாக்கலை. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அன்னைக்கு முப்பத்தெட்டுப் பேரும் புரிஞ்சுதுன்னப்ப வந்த சந்தோஷத்தை விட இது நெம்பப் பெருசா இருந்துச்சு.”

எழுதி வைத்திருந்த பாடத்தை மூடிவிட்டாளாம். காகிதத்தைக் கொடுத்து மடிக்கச் சொல்லியிருக்கிறாள். கிழித்தார்கள், எண்ணினார்கள், பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போட்டார்கள். மணி அடித்தபோது இரண்டு கணக்குகூட முடியவில்லை.

அப்புறம் சீட்டு. மெர்லின் கேட்டாராம். “எத்தனை பேர், டீச்சர்?”

கோகிலா கொஞ்ச நேரம் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்து, இருபத்தொன்று என்று சொல்லியிருக்கிறாள்.

“சீட்டுல எத்தனை?” என்றேன்.

“இருபத்திரெண்டு.”

“அய்யோ, ஒண்ணு தப்பாப் போச்சே!” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது: அன்றைக்கு இருபத்தாறு வித்தியாசம், இன்றைக்கு ஒன்றே ஒன்று. சிவகாமி அடுப்படிக்குப் போய், இந்த வாரம் சுடவே மாட்டேன் என்று சொன்ன இனிப்புக் கச்சாயத்துக்கு மாவு கரைத்தாள். முகத்தை அந்தப் பக்கமாகவே வைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை.

கம்பெனி விஷயத்தை நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டு, மூன்றாவது கச்சாயத்தில் கேட்டுவிட்டேன்.

“வர்ற வழியிலயே போன் போட்டுச் சொல்லிட்டேம்ப்பா.”

“என்னன்னு?”

“வர முடியாதுங்க, இன்னும் பதினாறு பேருக்குப் புரியலீங்கன்னு.”

பிப்ரவரி 28, சனி

பள்ளிக்கூடம் லீவு. அந்தப் பதினாறு பேரையும் காலையில் வரச் சொல்லியிருந்தாளாம். பதினோரு பேர்தான் வந்தார்களாம். மீதி ஐந்து பேரை வீட்டுக்கே போய்க் கூட்டிவர வேண்டும் என்று ஓடிவந்து, என் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

மில்லுக்கு நடந்தே போனேன். நல்ல வெயில்தான், ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறக்க அரை மணி நேரம் தாமதம். வாசலில் ஏழெட்டு டப்பா வரிசையில் நின்றது. பாவாயி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ஏனப்பா நாச்சிமுத்து, வண்டி எங்க?” என்று அதட்டினார்.

“டீச்சர் கொண்டு போயிருக்காங்கக்கா” என்றேன்.